ஃபீல் இருந்தால் ஜால்ரா தப்பலாமா?

போன மார்கழியில் எங்கள் ஊர் பஜனையை ஃபோனில் ரெக்கார்டு செய்தேன். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். விடியற்காலை ஐந்து மணி, எதிரே வருகிறவர் முகம் தெரியாத பனி, பதினைந்து பேர், ஒரு மிருதங்கம், மூன்று ஜோடி ஜால்ரா, கழுத்தில் மாட்டிய ஒரு ஆர்மோனியம். ஆர்மோனியம் நான்தான். தெருவெல்லாம் சுற்றி வந்து கோயில் வாசலில் சூடாகப் பொங்கல் வாங்கிச் சாப்பிடும்போது எல்லோருக்கும் ஒரு மிதப்பு, இன்றைக்கு என்னவோ ரொம்ப நன்றாக அமைந்துவிட்டது என்று. எனக்கும்தான்.

மத்தியானம் ஆபீசில் இயர்ஃபோன் மாட்டிக் கேட்டேன். சாவகாசமாக நடக்கிற வேகத்தில் ஆரம்பித்த பாட்டு, நாலாவது நிமிஷத்தில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் வேகத்துக்குப் போயிருந்தது. தட்டி எண்ணிப் பார்த்தேன்: ஆரம்பத்தில் நிமிஷத்துக்கு 76 தட்டு, முடிக்கும்போது 118. ஆர்மோனியம் ஒரு சுருதியில் இருக்கிறது, பாடுகிறவர்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே இன்னொரு சுருதியில் இருக்கிறார்கள், அவர்களும் தங்களுக்குள் ஒற்றுமையாக இல்லை.

சாயங்காலம் பஜனைக்கு மூத்தவரான மாமாவிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்டார். "ஏம்ப்பா, சாமிக்குப் பாடறோம், கச்சேரியா பண்றோம்? மனசு இருந்தாப் போதும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் பேத்தி, கிருஷ்ணகிரியில் கீபோர்டு வகுப்புக்குப் போகிறவள், தலையைக்கூடத் தூக்காமல் "டெம்போ ஏறிடுச்சு தாத்தா" என்றாள்.

பொழுதுபோக்காக இசை பழகுகிற எல்லோருக்கும் நடுவில் நடக்கிற சண்டை இதுதான். மனசு போதும் என்று ஒரு கட்சி, கை பழகாமல் வாயைத் திறக்காதே என்று இன்னொரு கட்சி. புதிதாகப் பழகுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். நான் வித்வான் இல்லை, மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன், கேள்வி ஞானத்தில் இருபது வருஷமாகக் கட்டையை அமுக்கிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அந்த ரெக்கார்டிங்குக்கு அப்புறம் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில் புரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வித்தை என்கிற பக்கம். அதில் ஆயிரம் இருக்கிறது, ஆனால் பொழுதுபோக்குக்காரனுக்கு முதலில் வேண்டியது இரண்டுதான். சுருதி மாதா, லயம் பிதா என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த அம்மாவும் அப்பாவும். சுருதி என்பது நாம் நிற்கிற தரை. ஒரு ‘ச’வை முடிவு செய்துகொண்டு மற்ற எல்லா சுரத்தையும் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கிறோம். ஒன்றாம் கட்டை, ஐந்து கட்டை என்று பாடுகிறவர்கள் சொல்வது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளின் வரிசை எண்தான். மேற்கத்திய முறையில் ‘சி’ என்கிற சுரம் ஒன்று, ‘ஜி’ ஐந்து, நடுவில் வரும் கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை என்று பெயர். உங்கள் குரலுக்கு எது வசதியோ அது உங்கள் தரை. நாலரைக் கட்டையில் பாடுகிறவர் ஒன்றரைக் கட்டைக்காரரைவிடத் திறமைசாலி என்று ஒரு நினைப்பு எங்கள் பக்கத்தில் உண்டு. தொண்டை கிழிவதைத் தவிர அதனால் வேறு பயன் எதையும் நான் பார்த்ததில்லை.

லயம் கொஞ்சம் வேறு மாதிரி. தாளம் என்றதும் பலர் வேகத்தை நினைக்கிறார்கள். தாளம் என்பது இடைவெளி. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் உள்ள சும்மா இருக்கும் நேரம் கூடாமல் குறையாமல் இருக்க வேண்டும், அதற்குத்தான் காலப்பிரமாணம் என்று பெயர். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை என்றால் எட்டுக்கும் ஒரே அளவு. எங்கள் பஜனை ஏன் ஓடியது என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். பாடுகிற இடங்களில் அவ்வளவாக ஓடவில்லை. வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்கு முன் இரண்டு எண்ணிக்கை சும்மா நிற்க வேண்டும் இல்லையா, அந்த இடத்தைத்தான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்றிருக்கிறோம். சும்மா இருக்கிறபோது பயம் வந்துவிடுகிறது, யாராவது முந்திக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்களோ என்று. பழகாதவனுக்கு மௌனத்தின் மேல் நம்பிக்கை கிடையாது.

சரி, அடுத்தது ஃபீல். மனசு, உணர்ச்சி, உயிர், என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே கையை நெஞ்சில் வைத்துக்கொள்வதால் ஏதோ கண்ணுக்குத் தெரியாத ஆவி மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் அது காதில்தானே விழுகிறது? காதில் விழுகிற எதுவும் சத்தத்தில் எங்கேயோ இருந்தாக வேண்டும். "வாங்க" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசையாக எதிர்பார்த்த விருந்தாளியைப் பார்த்தும் "வாங்க" என்கிறோம், குழம்பு தீர்ந்த நேரத்தில் படியேறும் ஒன்றுவிட்ட சொந்தக்காரரைப் பார்த்தும் "வாங்க" என்கிறோம். எழுத்து ஒன்றுதான். முதல் ‘வா’ எவ்வளவு நீள்கிறது, குரல் ஏறுகிறதா இறங்குகிறதா, ‘ங்க’ அழுத்தி வருகிறதா தேய்கிறதா, சொல்வதற்கு முன்னால் அரை நொடி தயக்கம் இருந்ததா, இவைதான் மாறுகின்றன. வந்தவருக்கு ஒரே நொடியில் புரிந்தும் விடுகிறது. இசையில் ஃபீல் என்பதும் இதேதான்: நீளம், சத்தம், ஏற்ற இறக்கம், வழுக்கல், தயக்கம்.

இதை ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த கார்ல் சீஷோர் என்ற உளவியலாளர், 1938-க்கு முந்தைய பல வருஷங்கள், பாடகர்களும் வாத்தியக்காரர்களும் எழுப்பும் ஒலியைக் கருவிகளில் பதிவு செய்து கோடுகளாக வரைந்து ஆராய்ந்தார். எழுதிவைத்த சுரத்திலிருந்தும் கணக்கான நேரத்திலிருந்தும் கலைஞர்கள் சின்னச் சின்னதாக விலகிக்கொண்டே இருக்கிறார்கள், அழகும் உணர்ச்சியும் அந்த விலகல்களில்தான் வருகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். வீட்டில் கீபோர்டு இருந்தால் டெமோ பட்டனை அமுக்கிப் பாருங்கள், ஒரு தப்பு இருக்காது, ஒரு விலகலும் இருக்காது, இரண்டு நிமிஷத்தில் நிறுத்தத் தோன்றும்.

மாமா இதைப் படித்தால் துள்ளிக் குதிப்பார், பார்த்தாயா, விலகுவதுதான் அழகு என்று. அங்கேதான் சிக்கல். விலகல் என்றால் எதிலிருந்து?

தெருக்கூத்தைப் பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்து, ராத்திரி முழுக்கக் கூத்து நடத்தி, கடைசியில் துரியோதனன் படுகளத்தில் முடிப்பார்கள். துகில் உரிகிற இடத்தில் திரௌபதி வேஷக்காரர் ஒரு வரியை எடுப்பார், அது வர வேண்டிய தட்டுக்கு வராது. தட்டு போய்விடும், அடுத்த தட்டும் போய்விடும், அப்புறம் எங்கிருந்தோ விம்மிக்கொண்டு வந்து சேரும். உட்கார்ந்திருக்கிற பெண்கள் புடவைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோவார்கள். அவர் தாமதித்த அந்த நேரத்தில் மிருதங்கமும் கைத்தாளமும் இம்மி அசைந்திருக்காது. அவை அசையாததால்தான் அவர் பின்தங்குவது நமக்குப் பின்தங்குவதாகக் கேட்கிறது, என்ன ஆகுமோ என்று நெஞ்சு இறுகுகிறது. மிருதங்கமும் சேர்ந்து இழுத்திருந்தால் கூத்துக்காரருக்குத் தூக்கம் வந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்போம்.

எங்கள் பஜனை 118-க்குப் போனதும் விலகல்தான். ஆனால் யாரும் விரும்பி விலகவில்லை, அது நடந்திருப்பதே யாருக்கும் தெரியாது. பஜனையில் வேகம் ஏற்றவே கூடாதா என்றால், தாராளமாக ஏற்றலாம், கடைசிச் சரணத்தில் இரண்டு மடங்காக்கி முடிப்பது எத்தனையோ இடங்களில் உண்டு, கேட்கவும் உற்சாகமாக இருக்கும். எல்லோரும் தெரிந்து சேர்ந்து ஏறுவார்கள். நாங்கள் வழுக்கி விழுந்தோம்.

கற்றுக்கொள்ளாதவர்களின் பாட்டில் உயிர் இல்லையா என்று கேட்பீர்கள். அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த நெடுமான் அஞ்சியைப் பார்த்து ஔவையார் பாடிய ஒன்று புறநானூற்றில் 92-ஆவது பாட்டாக இருக்கிறது. குழந்தையின் மழலை "யாழொடும் கொள்ளா, பொழுதொடும் புணரா, பொருள் அறிவாரா" என்கிறார். யாழோடு சேராது, காலத்தோடு பொருந்தாது, அர்த்தமும் தெரியாது. எங்கள் ரெக்கார்டிங்குக்கு இதைவிடச் சரியான விமர்சனம் கிடையாது. ஆனாலும் தகப்பனுக்கு அது கேட்டால் அருள் சுரக்கிறது, என் சொல்லும் உனக்கு அப்படித்தான் என்று அதியமானிடம் சொல்கிறார்.

மாமா கட்சிக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டார். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மழலை இனிப்பது தகப்பனுக்கு. கேட்கிறவர் ஏற்கெனவே நம்மேல் பிரியம் வைத்திருந்தால் தாளம் தப்பினாலும் அவர் தானாக நிரப்பிக்கொள்வார். நமக்கு நாமே கேட்கிறபோதும் அப்படித்தான், அதனால்தான் பொங்கல் சாப்பிடும்போது அத்தனை மிதப்பு. அடுத்த ஊர்க்காரருக்கு நம்மேல் அந்தப் பிரியம் கிடையாது, மனசில் உள்ளதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க சுருதியும் தாளமும்தான் வண்டி. இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது: என் சொல் மழலை மாதிரி என்று ஔவை சொல்கிற அந்தப் பாட்டே ஆசிரியப்பாவில் அடி பிசகாமல் கட்டியிருக்கிறது. வித்தை தெரியாது என்று அவ்வளவு வித்தையாகச் சொல்லியிருக்கிறார்.

என் அப்பாயியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர். தாத்தா இறந்தபோது அவர் பாடிய ஒப்பாரியைக் கேட்டவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆயிரம் அடிக்கு போர் போட்டும் தண்ணீர் வராமல் கடனாகிப்போன கதை, கடைசியில் விற்ற எருது, சாகிறதுக்கு முன்னால் அவர் கேட்ட மோர், எல்லாம் அதில் வந்தது. அப்போதே நெஞ்சிலிருந்து பொங்கியது, பயிற்சியே கிடையாது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அப்படி இல்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஐம்பது சாவுக்காவது அவர் மாரடித்து அழுதிருப்பார். மேலே எடுத்துப் படிப்படியாக இறக்கி, மூச்சு முடிகிற இடத்தில் விசும்பலாக்கும் அந்த மெட்டு அவருக்கு உடம்பில் ஏறியிருந்தது. எதுகை மோனை என்ற பெயர் தெரியாது, ஆனால் ‘போரு’ என்று ஒரு அடி தொடங்கினால் அடுத்த அடிக்கு அதே ஓசையில் ஒரு சொல் தேடாமல் வந்து நிற்கும். அச்சு தயாராக இருந்ததால்தான் அன்றைய துக்கத்தை அதில் அப்படியே ஊற்ற முடிந்தது. மெட்டைத் தேட வேண்டியிருந்தால் தாத்தாவை நினைக்க நேரம் ஏது? இதைப் பயிற்சி இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாத்தியார் இல்லை, வகுப்பு இல்லை, ஃபீஸ் இல்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு சின்ன உளவியல் இருக்கிறது. மனசு ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடியது ரொம்பக் கொஞ்சம். லைசென்ஸ் வாங்கிய புதிதில் தொப்பூர் கணவாயில் கார் ஓட்டியவனுக்கு இது தெரியும்: பக்கத்தில் யாராவது பேசினால் எரிச்சல் வரும், மலை கண்ணில் படாது, கை ஸ்டியரிங்கைப் பிசையும். அதே இறக்கத்தில் இருபது வருஷ லாரிக்காரர் குடும்பக் கதை சொல்லிக்கொண்டே இறங்குவார். அடுத்த கட்டை எங்கே, இடது கை துருத்தியை அமுக்கியதா, இது மூன்றாவது எண்ணிக்கையா நாலாவதா என்று தேடிக்கொண்டிருக்கிற தலைக்குள் உணர்ச்சிக்கு உட்கார இடம் கிடையாது. விரல் தானாகப் போகிற அளவுக்குப் பழகிவிட்டால் அந்த இடம் காலியாகும். காலியான இடத்தில் ஏதாவது வந்து உட்காருமா என்பது வேறு கேள்வி, விரல் மட்டும் பறந்து உள்ளே ஒன்றுமே இல்லாத ஆட்களையும் நாம் பார்த்திருக்கிறோம். சாதகம், அதாவது பயிற்சி, செய்யச் செய்ய ஃபீல் போய்விடும் என்று ஒரு பயம் சிலருக்கு உண்டு. எனக்குத் தெரிந்து அது சாதகத்தால் போவதில்லை, ஒன்றையே யோசிக்காமல் அரைத்துக்கொண்டிருப்பதால் போகிறது.

அப்படியானால் எல்லா வித்தையையும் கற்றுக்கொண்டுதான் கற்பனையைத் தொட வேண்டுமா? வேண்டாம், இது இரண்டாம் கட்சிக்காரர்கள் செய்கிற தப்பு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று பாடம் பாடமாக ஏறி முடிக்கும்வரை சொந்தமாக நாலு சுரம் வாசிக்கக் கூடாது என்று யாரோ சொல்லி, மூன்றாவது மாதமே விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர். அந்த வரிசை அருமையான வழிதான், நூற்றுக்கணக்கான வருஷம் நின்ற வழி. ஆனால் ஏறிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் விளையாடவும் வேண்டும். முதல் நாளே செய்யக்கூடிய ஒரு விளையாட்டு சொல்கிறேன்.

கீபோர்டிலோ ஆர்மோனியத்திலோ கறுப்புக் கட்டைகள் மட்டும். அவை இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். மூன்று இருக்கும் கூட்டத்தில் முதல் கட்டையை ‘ச’ என்று வைத்து, ஒவ்வொரு கறுப்பாக மேலே போய் அடுத்த ‘ச’வைத் தொட்டு இறங்குங்கள். அது மோகன ராகத்தின் சுரங்கள். அதே கூட்டத்தின் நடுக் கட்டையை ‘ச’ என்று வைத்தால் மத்யமாவதி, கடைசிக் கட்டையை வைத்தால் ஹிந்தோளம். இரண்டு இருக்கும் கூட்டத்தில் முதலாவதை வைத்தால் சுத்த சாவேரி, இரண்டாவதை வைத்தால் சுத்த தன்யாசி. கட்டைகள் ஐந்தும் அதேதான், தரையை மாற்றினால் வீடே மாறுகிறது, இதைக் கிரக பேதம் என்பார்கள். கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைப்பது, இல்லாமல் இது ராகம் ஆகிவிடாது, எலும்புக்கூடுதான். ஆனாலும் எந்த ‘ச’வை வைத்துக்கொண்டீர்களோ அதில் மனம்போல் அலைந்து, தோன்றும்போது ‘ச’வுக்குத் திரும்பினால் போதும், காதுக்கு உறுத்துகிற சுரம் ஒன்றுகூட வராது. என் பையன் ஏழு வயதில் ஹிந்தோளத்தில் அரை மணி நேரம் அலைந்துவிட்டு, "இது ராத்திரி மாதிரி இருக்குப்பா" என்றான். அவனுக்கு ஒரு வித்தையும் தெரியாது. கேட்கத் தெரிந்திருந்தது.

ஆர்மோனியம் பற்றி ஒரு வார்த்தை, என் வாத்தியம் என்பதால். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக அதனால் முடியாது, கமகம் வராது, சுரங்கள் அசையாமல் ஆணி அடித்தது மாதிரி இருக்கும். நம் இசைக்கு ஆகாது என்று அகில இந்திய வானொலி 1940-இல் இதற்குத் தடையே போட்டது, 1971 வாக்கில்தான் தளர்த்தியது. சொன்ன குறை நியாயமான குறை. ஆனால் அத்தனை வருஷமும் எங்கள் பக்கத்துக் கூத்து மேடையில் அது ராத்திரி முழுக்க ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. வழுக்க முடியாத வாத்தியத்தில் கூத்து ஆர்மோனியக்காரர்கள் துருத்தியை வைத்துப் பேசுகிறார்கள்: காற்றைக் குறைத்து முனகவிட்டு, சட்டென்று அமுக்கி அலறவிட்டு, அசையாத சுரத்துக்கு மூச்சு கொடுக்கிறார்கள். கற்பனை பெரும்பாலும் இப்படி ஒரு முடியாததை ஒட்டித்தான் முளைக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஃபோனில் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் ஆப் ஒன்றும் சுருதி பிடிக்கத் தம்புரா ஆப் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டுமே இலவசமாகக் கிடைக்கும். மெட்ரோனோமை 60-இல் வைத்தால் நொடிக்கு ஒரு தட்டு. தெரிந்த பாட்டில் ஒரே ஒரு வரி. முதலில் தட்டோடு அப்படியே பாடுங்கள், அப்புறம் தட்டு நிற்காமல் ஓட, அதே வரியைக் கெஞ்சுகிற மாதிரி, அப்புறம் சலித்துக்கொள்கிற மாதிரி. எங்கே நீட்டினீர்கள், எங்கே விட்டீர்கள், எங்கே தட்டுக்குப் பின்னால் வந்தீர்கள் என்று கவனித்தால் உங்கள் ஃபீல் எந்த இடத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ரெக்கார்டு செய்து மறுநாள் கேளுங்கள், அன்றைக்கே கேட்டால் தகப்பன் காதுதான் கேட்கும். ப்ளூடூத் இயர்ஃபோன் மட்டும் வேண்டாம், அதில் சத்தம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதமாக வரும், நீங்கள் தாளம் தப்புவதாக உங்களையே திட்டிக்கொள்வீர்கள். ஒயர் வைத்ததே நல்லது.

தாமதம் என்றதும் எங்கள் பஜனையின் இன்னொரு ரகசியமும் புரிந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். தெருவில் வரிசையாகப் போகும்போது முன்னால் போகிற மிருதங்கத்துக்கும் பின்னால் வருகிற ஜால்ராவுக்கும் 20 மீட்டர் தூரம் இருந்தால், பின்னால் இருப்பவருக்குத் தட்டு கேட்பதே ஒரு நொடியில் 17-இல் ஒரு பங்கு தாமதமாக. அவர் அதற்குச் சரியாகத்தான் தட்டுகிறார், முன்னால் இருப்பவர்களுக்கு அது இன்னொரு 17-இல் ஒரு பங்கு தள்ளிப் போய்க் கேட்கிறது. அவர்மேல் தப்பே இல்லை.

இதை மாமாவிடம் சொன்னபோதுதான் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். சுருதி, 118 எல்லாம் அவருக்கு இன்னமும் பேத்தியின் தொந்தரவுதான், ஆனால் சாமிக்குக் கேட்பதற்கு முன் சத்தம் தெருவைக் கடந்தாக வேண்டும் என்பது அவருக்கு நியாயமாகப் பட்டது. வருகிற மார்கழிக்கு ஒரே ஒரு ஜோடி ஜால்ரா, அதுவும் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் என்று முடிவாகியிருக்கிறது. மூன்று பேரில் யார் கையில் அந்த ஒரு ஜோடி என்பதில்தான் இப்போது ஊரில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.